‘நிறையற்ற, நீளாத கயிறு’: இல்லாத பொருளை வைத்துப் போடும் கணக்கை எப்படி நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்கவியல் கணக்குகள் எல்லாம் ‘நிறையற்ற, நீளாத கயிறு’, ‘உராய்வற்ற கப்பி’, ‘புள்ளிப்பொருள்’ என்றே தொடங்குகின்றன. அப்படி ஒரு கயிறோ கப்பியோ எங்கும் கிடையாது. இல்லாததை வைத்துப் போட்ட கணக்கின் விடை எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்கிறீர்கள். கூடவே, ‘கயிறு நிறையற்றது என்பதை எங்கே பயன்படுத்தினீர்கள்?’ என்ற தேர்வுக் கேள்விக்கு ‘இரண்டு பொருள்களின் முடுக்கமும் சமம்’ என்று எழுதினீர்கள், அதற்கு மதிப்பெண் தரவில்லை, ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு கணக்கில் எதை விடலாம், விட்டால் விடை எவ்வளவு பிசகும், எதை விடவே கூடாது. பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் சமன்பாடு அல்ல, இந்த முதல் வரிதான்.

தேர்வுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கப்பியின் மேல் போட்ட கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு எடைகள் தொங்குகின்றன. இந்தக் கயிற்றின் ஒரு சிறு துண்டை மட்டும் பாருங்கள். மேலே ஓர் இழுவிசை, கீழே ஓர் இழுவிசை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் துண்டை முடுக்கவும் அதன் எடையைத் தாங்கவும் வேண்டும். துண்டின் நிறை சுழி என்றால் அந்த வித்தியாசமும் சுழி. ஆகவே ‘நிறையற்ற’ என்ற சொல் தருவது கயிறு நெடுக இழுவிசை சமம் என்பதை மட்டுமே. முடுக்கம் சமம் என்பதைத் தருவது ‘நீளாத’ என்ற சொல். ஒரு பக்கம் 1 செ.மீ. இறங்கினால் மறுபக்கம் அதே 1 செ.மீ. ஏற வேண்டும், அதனால் வேகமும் முடுக்கமும் அளவில் ஒன்றாகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, கயிற்றை மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பது. மெல்லிய ரப்பர் பட்டையைப் போடுங்கள்: நிறை மிகக் குறைவு, எனவே இழுவிசை நெடுகச் சமம்தான், ஆனால் பட்டை நீண்டுகொண்டிருக்கும்போது இரு எடைகளின் முடுக்கமும் வேறு வேறு. கனமான சங்கிலியைப் போடுங்கள்: முடுக்கம் சமம், ஆனால் இழுவிசை இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் எழுதியது சங்கிலிக்கும் பொருந்தும் விடை, அதனால்தான் அது ‘நிறையற்ற’ என்பதன் விளைவாக இருக்க முடியாது.

சில பாடநூல்கள் ‘நிறையற்ற’ என்பதற்குப் பதில் ‘இலேசான’ என்று எழுதும். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். கயிற்றுக்கு நிறையே இல்லை என்று அது சொல்லவில்லை, மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது என்கிறது. 2 கி.கி. பெட்டியை 20 கிராம் கயிற்றால் 3 மீ/வி² முடுக்கத்தில் வழவழப்பான தளத்தில் இழுத்தால், பெட்டிக்கு வேண்டியது 6 நியூட்டன். கயிற்றின் இரு முனைகளுக்கும் இடையே இழுவிசையில் வரும் வித்தியாசம் 0.06 நியூட்டன், அதாவது 1 சதவீதம். கயிற்றை நிறையற்றதாக எடுத்தவர் பொய் சொல்லவில்லை, 1 சதவீதப் பிழையை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதே அனுமானத்தை மீட்டருக்கு 1 கி.கி. எடையுள்ள எஃகு வடத்தை 500 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் இடத்தில் வைத்தால் 500 கி.கி. காணாமல் போகிறது. சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் ஆபத்து.

கப்பிக்கு வருவோம். ‘உராய்வற்ற’ என்று மட்டும் சொன்னால் போதாது, கப்பியும் இலேசானது என்று சேர்த்துச் சொன்னால்தான் இருபக்க இழுவிசையும் சமமாகும். பலர் கவனிக்காத இடம் இது. அச்சில் உராய்வே இல்லாவிட்டாலும் நிறையுள்ள கப்பியைச் சுழலவைக்க ஒரு திருப்புவிசை வேண்டும், அது இருபக்க இழுவிசைகளின் வித்தியாசத்திலிருந்துதான் வர முடியும். எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 0.55 கி.கி., மறுபக்கம் 0.45 கி.கி. கப்பியை மறந்தால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒன்று, 0.98 மீ/வி². இப்போது கப்பி 0.1 கி.கி. நிறையுள்ள சீரான வட்டத்தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கத்தைப் பொறுத்தவரை அது தன் நிறையில் பாதியை, 0.05 கி.கி.யை, மொத்த நிறையோடு கூட்டுகிறது. 1 கி.கி. இருந்த இடத்தில் 1.05. முடுக்கம் 0.93 ஆகக் குறைகிறது. இழுவிசைகள் ஒரு பக்கம் 4.88, மறுபக்கம் 4.83 நியூட்டன். இழுவிசையில் வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை, முடுக்கத்திலோ கிட்டத்தட்ட 5 சதவீதம். ஒரே அனுமானம் ஒரே கணக்கில் இரண்டு விடைகளை இரண்டு அளவில் பிசகவைக்கிறது. அதனால் ‘இந்த அனுமானம் நல்லதா?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எதைக் கண்டுபிடிக்க என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த அமைப்பை 1784-ல் வெளியிட்ட நூலில் விவரித்த ஜார்ஜ் அட்வுட், கப்பியின் அச்சை வேறு சிறு சக்கரங்களின் மேல் தாங்கவைத்து உராய்வைக் குறைத்திருந்தார். கணக்கில் ஒற்றைச் சொல்லாக வரும் ‘உராய்வற்ற’ என்பதை அவர் கருவியில் உழைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

சில கணக்குகளில் கப்பிக்குப் பதில் ‘உராய்வற்ற முளை’ (சுவரில் அடித்த கட்டை போன்றது) என்று வரும். கப்பி போலத்தானே என்று தோன்றும். தாளில் அப்படித்தான், கையில் எடுத்தால் இல்லை. முளை சுழலாது, கயிறு அதன் மேல் தேய்ந்துகொண்டு போக வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், முளையின் மேல் அரைச் சுற்றுப் போன கயிற்றின் ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப்போல் 2.57 மடங்கு வரை இருக்கலாம், கயிறு நழுவாது. மூன்று முழுச் சுற்று சுற்றினால் இந்த மடங்கு ஏறத்தாழ 286. சுற்றுக் கோணம் கூடக்கூட இது அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. ஒரே ஆள் கயிற்றைக் கம்பத்தில் சில சுற்றுச் சுற்றிப் பெரிய படகைப் பிடித்து நிறுத்துவது இதனால்தான். பாடநூலின் அனுமானங்களில் நான் குறைவாக நம்புவது இந்த முளையைத்தான். அதைக் கணக்குப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிப்பொருள் என்றால் சின்னப் பொருள் என்று நினைப்பது இன்னொரு பொதுவான பிழை. அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிடும்போது பூமியையே புள்ளி என்கிறோம்: ஆரம் 6,371 கி.மீ., தூரம் சுமார் 15 கோடி கி.மீ., 23,000 மடங்குக்கும் மேல். ஆனால் பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றி வருவது ஏன் என்று கேட்டால் அந்தப் புள்ளி உதவாது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். அந்தப் புடைப்பைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதுதான் காரணம். பூமி மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது. மறுபக்கம், கையளவு உருண்டையைச் சாய்தளத்தில் உருட்டினால் அது புள்ளி இல்லை. உராய்வின்றி வழுக்கும் புள்ளிக்கு என்ன முடுக்கமோ, வழுக்காமல் உருளும் திண்ம உருண்டைக்கு அதில் ஏழில் ஐந்து பங்குதான். கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைவு. உருண்டையை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்தப் பங்கு மாறாது, ஏனென்றால் ஆரம் சமன்பாட்டிலிருந்து அடிபட்டுப் போய்விடுகிறது.

இந்த ஏழில் ஐந்து எனக்குப் பிடித்த உதாரணம். கலிலியோ 1638-ல் வெளியிட்ட உருளும் உருண்டைச் சோதனைகளில் கண்டது, கடந்த தூரம் நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பது. உருளுதலைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அந்த முடிவு அப்படியே நிற்கிறது. முன்னால் இருக்கும் மாறிலி மட்டும்தான் பிசகும். அதே சோதனையிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை எடுக்கப் போனால்தான் அடி விழும். விதியின் வடிவம் சரி, எண் தவறு என்ற நிலை இயக்கவியலில் அடிக்கடி வரும், அதைத் தனியாகக் கவனித்து வையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு அலைவு நேரம் அளக்கும் சோதனை. ஒரு மாணவி 100 கிராமில் தொடங்கி 300 கிராம் வரை ஐந்து எடைகளுக்கு 20 அலைவுகளின் நேரத்தை எடுத்து, அலைவு நேரத்தின் இருமடியை நிறைக்கு எதிராக வரைந்திருந்தார். புள்ளிகள் அழகான நேர்கோட்டில் இருந்தன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை, கொஞ்சம் மேலே வெட்டியது. சூத்திரப்படி ஆதிப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்று, அவர் 100 கிராம் புள்ளியை ரப்பரால் அழித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி, கோட்டை இடப்பக்கம் நீட்டச் சொன்னேன். அது நிறை அச்சை −20 கிராமுக்கு அருகே வெட்டியது. பிறகு வில்லைத் தராசில் வைக்கச் சொன்னேன். 60 கிராம். நிறையற்றது என்று சூத்திரம் சொன்ன வில், தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கை அலைவில் சேர்த்துக்கொண்டிருந்தது. மேல்முனை அசையாமல் இருக்கக் கீழ்முனை முழு வேகத்தில் ஆடுவதால், வில்லின் இயக்க ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் சரியாக இந்த மூன்றில் ஒரு பங்கு வரும். அவர் அழித்துக்கொண்டிருந்தது பிழையை இல்லை, அந்தச் சோதனை தந்த மிக நல்ல தகவலை. 200 கிராம் தொங்கும்போது வில்லின் நிறையை விட்டால் அலைவு நேரத்தில் சுமார் 5 சதவீதம் பிசகும். அதே வில்லில் எடையை வைத்ததால் எவ்வளவு கூடுதலாக நீண்டது என்று மட்டும் அளந்தால் வில்லின் நிறையால் எந்தப் பிழையும் வராது. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தொங்கும் எடை வில்லைவிடக் கனமாக இருக்கும்வரை அது மிக நல்ல தோராயம். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் பங்கு மெல்ல ஏறி, வெறும் வில் மட்டும் ஆடும்போது 0.405 ஆகிறது.

காற்றுத்தடையை ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று எழுதும்போது வேகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கிரிக்கெட் பந்தின் நிறை சுமார் 160 கிராம், எடை ஏறக்குறைய 1.57 நியூட்டன். கையால் மெதுவாக 5 மீ/வி வேகத்தில் தூக்கிப் போட்டால் காற்றுத்தடை எடையில் 2 சதவீதம் அளவு, விட்டுவிடலாம். 40 மீ/வி வேகத்தில் வீசினால் தடை வேகத்தின் இருமடியில் ஏறி ஏறக்குறைய பந்தின் எடையளவுக்கே வந்துவிடுகிறது. ஆடுகளத்தின் அரை நொடிப் பயணத்தில் வேகம் 5 மீ/வி அளவு குறையும். எடையைச் சேர்த்துக்கொண்டு தடையை விடுவதற்கு அங்கே எந்த நியாயமும் இல்லை. இதில் உறுதியானது எது, தோராயம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வேகங்களில் தடை வேகத்தின் இருமடியை ஒட்டிப் போகும் என்பது உறுதி. நான் எடுத்துக்கொண்ட தடைக் குணகம் 0.4 முதல் 0.5 வரை என்பது தோராயம்தான். பந்தின் தையல், தேய்மானம், சுழற்சி எல்லாம் அதை மாற்றும். ஆகவே ‘எடையளவு’ என்பதை ஏறக்குறைய அந்த அளவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு தசமத் துல்லியத்தில் அல்ல.

இதுவரை சொன்னவை எல்லாம் விடை கொஞ்சமோ நிறையவோ பிசகும் இடங்கள். இதைவிடக் கவனம் வேண்டியது, அனுமானத்தால் விடையே இல்லாமல் போகும் இடம். தளர்ந்திருந்த நீளாத கயிறு சட்டென்று விறைக்கிறது, அப்போது அதில் வரும் விசை எவ்வளவு? 80 கி.கி. எடையுள்ள மலையேறுபவர் 4 மீட்டர் விழுந்தபின் கயிறு அவரைப் பிடிக்கிறது என்று வையுங்கள். வேகம் சுமார் 8.9 மீ/வி, கயிறு தர வேண்டிய கணத்தாக்கு, அதாவது விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கி வருவது, சுமார் 710 நியூட்டன் நொடி. இதுவரை கணக்கு சொல்லும். விசை கேட்டால், நீளாத கயிறு சுழி நேரத்தில் நிறுத்துகிறது, எனவே விசை முடிவிலி. கயிறு 1 மீட்டர் நீண்டு நிறுத்தினால் சராசரி விசை சுமார் 3,900 நியூட்டன். 5 செ.மீ.யில் நிறுத்தினால் 63,000-க்கும் மேல். முழு விடையும் நாம் விட்டுவிட்ட அந்த நீட்சியில்தான் இருக்கிறது. மலையேற்றத்துக்கான ஒற்றைக் கயிற்றைச் சர்வதேசத் தரநிலையின்படி சோதிக்கும்போது 80 கி.கி. எடையை விழவிட்டு, உச்ச விசை 12,000 நியூட்டனைத் தாண்டவில்லை என்று பார்க்கிறார்கள். நீளுவதற்காகவே செய்யப்பட்ட கயிறு அது. அதற்கு ‘நீளாத’ என்ற சொல்லைப் போட்டால் அதன் வேலையையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

திண்பொருள், அதாவது வளையவோ அமுங்கவோ செய்யாத பொருள், என்ற அனுமானத்திலும் இதே போல ஒன்று உண்டு. 400 நியூட்டன் எடையை நான்கு கால் மேசையின் நட்டநடுவில் வைக்கிறீர்கள், ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்குகிறது? 100 என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் சமநிலைக்கு நமக்குக் கிடைப்பது மூன்று சமன்பாடுகள், தெரியாதவை நான்கு விசைகள். நான்கிலும் 100 என்பதும் விடை. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களில் 200, மற்ற இரண்டில் சுழி என்பதும் விடை. எதைத் தேர்வது என்பதை ஒரு கால் முடியளவு குட்டையா, தரை எவ்வளவு அமுங்கும், மரம் எவ்வளவு வளையும் என்பவைதான் தீர்மானிக்கின்றன. மில்லிமீட்டருக்கும் குறைவான வளைவு, ‘வளையாது’ என்று சொல்லித் தூக்கிப் போட்டது, விடையை 0-விலிருந்து 200 வரை எங்கும் கொண்டுபோகிறது. அதனால்தான் நான்கு கிளைகள் கொண்ட சங்கிலியில் பாரம் தூக்குபவர்கள் நான்கும் சமமாகத் தாங்கும் என்று நம்பாமல், இரண்டோ மூன்றோ மட்டும் தாங்குவதாக எடுத்துக் கணக்கிடுகிறார்கள். சிறியதை விடலாம் என்ற விதிக்கு இது முக்கியமான விலக்கு: விட்டபின் சமன்பாடுகள் போதாமல் போனால், விட்டது சிறியதாக இருந்தாலும் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும்.

ஊசலின் அலைவு நேரச் சூத்திரம் வீச்சு ‘சிறிய கோணம்’ என்று எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாக. வீச்சு 10 பாகை என்றால் அலைவு நேரத்தில் பிழை 0.19 சதவீதம், 20-ல் 0.77, 90-ல் 18. பள்ளிச் சோதனைக்கு 10 பாகை தாராளம். ஆனால் கடிகாரத்தில் வீச்சு 4 பாகையிலிருந்து 3-க்கு இறங்கினாலே நாளொன்றுக்குச் சுமார் 11 நொடி முந்தும். 1656-ல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹைகன்ஸ், வீச்சு மாறினாலும் நேரம் மாறாத வளைவரையைத் தேடிப் போனது இந்தப் பிழைக்காகத்தான். புவியீர்ப்பு முடுக்கம் மாறிலி என்பதும் அப்படியே: 1 கி.மீ. உயரத்துக்கு 0.03 சதவீதம்தான் குறைகிறது, நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே அரை சதவீதம். 9.8-க்குப் பதில் 10 என்று எடுத்தாலோ 2 சதவீதம் அப்போதே போய்விடுகிறது. அப்படி எடுத்த பிறகு அரை சதவீதக் கயிற்று நிறையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கணக்கில் இருக்கும் மிகப் பெரிய பிழையை முதலில் பாருங்கள்.

இனித் தேர்வில் என்ன எழுதுவது? ‘கயிறு நிறையற்றது’ என்றால் இழுவிசை கயிறு நெடுகச் சமம். ‘நீளாதது’ என்றால் இரு பொருள்களின் முடுக்கமும் அளவில் சமம். ‘கப்பி இலேசானது, உராய்வற்றது’ என்றால் கப்பியின் இருபக்கமும் இழுவிசை சமம். ‘தளம் வழவழப்பானது’ என்றால் தளம் தரும் விசை தளத்துக்குச் செங்குத்தாக மட்டும் இருக்கும். ‘புள்ளிப்பொருள்’ என்றால் சுழற்சியைக் கணக்கில் எடுக்கவில்லை, எல்லா விசைகளும் ஒரே புள்ளியில். ‘சீரான தண்டு’ என்றால் எடை நடுப்புள்ளியில். ‘உங்கள் மாதிரியில் ஒரு குறையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘உண்மையில் உராய்வு இருக்கும்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், அது விடையை எந்தப் பக்கம் தள்ளும் என்றும் எழுதுங்கள்: உராய்வைச் சேர்த்தால் முடுக்கம் நான் கண்டதைவிடக் குறையும், இறங்கும் பக்க இழுவிசை ஏறும் பக்கத்தைவிட அதிகமாகும். மேலே சொன்ன 0.55, 0.45 கி.கி. கணக்கில் கப்பியின் நிறையை 0.1-க்குப் பதில் 0.4 என்று வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். முடுக்கம் 0.82 மீ/வி² அருகே வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் போட்ட வரிகளை இங்கேயே எழுதுங்கள், எந்த இடத்தில் பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.